சீன மண்ணில் எண்ணெய் உண்டா? விடை தேடிய லி சிகுவாங்கின் கதை

1950-களின் பீஜிங் பேருந்துகள் பலவற்றின் கூரையில் பெரிய பை ஒன்று கட்டப்பட்டிருக்கும். உள்ளே இருந்தது மூட்டை முடிச்சு இல்லை, எரிவாயு. பெட்ரோல் தட்டுப்பாட்டில் பஸ் ஓட்ட அதுதான் வழி. 1949-ல் சீனா முழுக்கச் சேர்த்து எடுத்த எண்ணெய் சுமார் 1.2 லட்சம் டன். தேவையில் பெரும்பகுதி வெளியிலிருந்து வந்தது, அதிலும் குறிப்பாக சோவியத் யூனியனிலிருந்து.

அடுத்த சில ஆண்டுகளில் நிலைமை தலைகீழானது. வடகிழக்கே சோங்லியாவ் சமவெளியில் டாச்சிங் என்ற எண்ணெய் வயல் கிடைத்தது. 1976 முதல் 2002 வரை தொடர்ந்து 27 ஆண்டுகள், ஆண்டுக்கு 5 கோடி டன்னுக்கு மேல் அந்த ஒரு வயலே கொடுத்தது.

அந்த எண்ணெயைத் தந்த பாறைகளுக்கு வயது சுமார் 9 கோடி ஆண்டுகள். அவை எப்போதும் அங்கேயேதான் இருந்தன. அப்படியென்றால் அதற்கு முன் ஏன் யாரும் தேடவில்லை? தேடியவர்கள், அந்தப் பாறைக்கு எண்ணெய் உண்டாக்கும் தகுதியே கிடையாது என்று முடிவு கட்டியிருந்தார்கள். அந்த முடிவை ஏற்காத புவியியலாளர்களில் சீனர்கள் எல்லோருக்கும் தெரிந்த பெயர் லி சிகுவாங். பழைய ஆங்கில நூல்களில் இவர் ஜே. எஸ். லீ.

கப்பலில் தொடங்கி பாறைக்கு

1889 அக்டோபர் 26 அன்று ஹூபெய் மாகாணத்தின் ஹுவாங்காங்கில் பிறந்தார். மங்கோலிய வம்சாவளிக் குடும்பம். அப்பா ஊரில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவர். வீட்டில் வைத்த பெயர் வேறு. பள்ளியில் சேரும்போது பதற்றத்தில் பெயர் எழுதும் கட்டத்தில் வயதை எழுதிவிட்டார் என்றும், பதினான்கு என்பதைக் குறிக்கும் இரண்டு எழுத்தில் முதலாவதைக் கூடுதல் கோடு போட்டு 'லி' ஆக்கி, 'நான்கு' என்று பொருள்படும் 'சி'யை அப்படியே விட்டு, ஒளி என்று பொருள்படும் 'குவாங்'கைச் சேர்த்துக்கொண்டார் என்றும் ஒரு கதை சீனாவில் பிரபலம். இன்னொரு படிவம் வாங்கக் கையில் காசு இல்லையாம்.

1904-ல் அரசு உதவித்தொகையில் ஜப்பான் போனார். படித்தது கப்பல் இயந்திரவியல். அடுத்த வருடமே சன் யாட்-சென் தொடங்கிய புரட்சிச் சங்கத்தில் சேர்ந்தார். அப்போது வயது 16 கூட நிரம்பவில்லை. 1911 புரட்சிக்குப் பிறகு ஹூபெய் மாகாணத்தில் தொழில் துறைப் பொறுப்பு கிடைத்தது. ஆனால் யுவான் ஷிகாய் ஆட்சியைப் பிடித்ததும் வெறுத்துப்போய் விலகினார். 1913-ல் இங்கிலாந்து, பர்மிங்காம் பல்கலைக்கழகம்.

அங்கே கப்பலை விட்டுவிட்டார். காரணம் எளிது. கப்பல் கட்ட எஃகு வேண்டும், எஃகுக்குக் கனிமமும் நிலக்கரியும் வேண்டும், அவை எங்கே இருக்கின்றன என்று தெரிய வேண்டும். முதலில் சுரங்கவியல், பிறகு புவியியல். 1918-ல் முதுநிலைப் பட்டம். 1920-ல் பாரிஸில் இருந்தபோது வயலினுக்கு ஓர் இசைத் துண்டும் எழுதினார். சீனர் ஒருவர் வயலினுக்காக எழுதியவற்றில் மிகப் பழையதாக அது இன்று கருதப்படுகிறது. அதே ஆண்டு சாய் யுவான்பெய்யின் அழைப்பில் பீக்கிங் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகச் சேர்ந்தார்.

அமெரிக்கர்கள் சொன்ன தீர்ப்பு

லி பர்மிங்காமில் படித்துக்கொண்டிருந்த காலத்தில்தான் ஊரில் அந்தச் சம்பவம் நடந்தது. 1914-ல் அமெரிக்காவின் ஸ்டாண்டர்ட் ஆயில் நிறுவனம் சீன அரசோடு ஒப்பந்தம் போட்டு, வட ஷான்சியில் எண்ணெய் தேடியது. ஏழு கிணறு தோண்டினார்கள். வணிக அளவில் ஒன்றும் தேறவில்லை. மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள்.

1922-ல் ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் எலியட் பிளாக்வெல்டர், சீனாவில் பெரிய அளவில் எண்ணெய் கிடைக்க வாய்ப்பில்லை என்று ஒரு கட்டுரை எழுதினார். அவர் சொன்ன காரணங்களில் முக்கியமானது, சீனாவின் இளைய பாறை அடுக்குகளில் கடல் படிவுகள் இல்லை என்பது. அன்று உலகம் அறிந்த பெரிய எண்ணெய் வயல்கள் பெரும்பாலும் கடலடிச் சேற்றிலிருந்து பிறந்தவை. ஆகவே கடல் இல்லை என்றால் எண்ணெய் இல்லை. 'எண்ணெய் வறண்ட சீனா' என்ற எண்ணம் இப்படித்தான் வேரூன்றியது.

பிளாக்வெல்டரைக் கெட்டவராகக் காட்டுவது சீனப் பாடப்புத்தகங்களின் பழக்கம். அது நியாயமில்லை. கையில் இருந்த சான்றை வைத்து அவர் செய்த மதிப்பீடு அது. ஆனால் ஒரு வேடிக்கை: அவருடைய நாட்டிலேயே, கிரீன் ரிவர் பகுதியில், பழைய ஏரிகளின் அடியில் படிந்த எண்ணெய்க் களிப்பாறை மலை மலையாகக் கிடந்தது.

லி இந்தத் தீர்ப்பை 1928-லேயே கேள்வி கேட்டார். நாட்டின் எரிபொருள் பிரச்சினை பற்றி எழுதிய கட்டுரையில், ஸ்டாண்டர்ட் ஆயிலின் தோல்வி சீனாவில் எண்ணெய் இல்லை என்பதற்கு ஆதாரம் ஆகாது என்று வாதிட்டார். ஒரு மூலையில் ஏழு கிணறு தோண்டிவிட்டு ஒரு கண்டத்துக்கே சான்றிதழ் கொடுக்க முடியாது இல்லையா? ஆனால் அப்போது அவரிடமும் எண்ணெய் இருக்கிறது என்பதற்கு நேரடி ஆதாரம் இல்லை. அதையும் சொல்லியாக வேண்டும்.

எண்ணெய் 'பிறக்கும்' பாறை எது?

எண்ணெய் பூமிக்கடியில் குளம் மாதிரி தேங்கி நிற்பதில்லை. அது பிறக்கும் இடம் வேறு, தங்கும் இடம் வேறு. பிறக்கும் இடம் மூலப்பாறை. பெரும்பாலும் கருத்த களிப்பாறை. அங்கிருந்து கசிந்து மேலேறி, மணற்கல் போன்ற துளைகள் உள்ள தேக்கப் பாறையில் தங்குகிறது. அதற்கு மேல் கசியவிடாத மூடிப் பாறை வேண்டும். தேக்கமும் மூடியும் எவ்வளவு அருமையாக அமைந்தாலும், மூலப்பாறை மோசம் என்றால் ஒன்றும் கிடைக்காது. செக்கு நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் உள்ளே எள் போடவில்லை என்ற கதைதான்.

சரி, ஒரு பாறையில் 'எள்' இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? முதலில் அளவு. பாறையின் எடையில் உயிரினங்களிலிருந்து வந்த கரிமம் எத்தனை சதவீதம்? அரை சதவீதத்துக்குக் கீழே என்றால் பொதுவாகப் பலனில்லை. 1 முதல் 2 வரை நல்லது, 2-க்கு மேல் மிக நல்லது.

அளவு மட்டும் போதாது, வகை முக்கியம். செத்த உயிரினங்களின் மிச்சம் மண்ணுக்கடியில் கெரோஜன் என்ற திடப்பொருளாக மாறுகிறது. மரம், தண்டு, கட்டை போன்றவற்றிலிருந்து வந்த கெரோஜன் முக்கியமாக வாயுதான் தரும். பாசியிலிருந்து வந்தது கொழுப்புச் சத்து நிறைந்தது, அதுதான் எண்ணெய்க்கு ஏற்றது. மூன்றாவது, பாறை எவ்வளவு சூடு கண்டது என்பது. சுமார் 60 முதல் 120 டிகிரி செல்சியஸ் வரை உள்ள இடைவெளியில், லட்சக்கணக்கான ஆண்டுகளில், கெரோஜன் மெதுவாக உடைந்து எண்ணெய் ஆகிறது. அதற்குக் கீழே வேகாத சோறு. அதற்கு மேலே போனால் எண்ணெயும் உடைந்து வாயுவாகிவிடும்.

இன்று இதற்கு ஒரு சோதனை இருக்கிறது. பெயர் ராக்-இவால். பிரெஞ்சு பெட்ரோலிய ஆய்வு நிறுவனம் 1970-களில் உருவாக்கியது. ஒரு சிட்டிகை பாறைப் பொடியைக் காற்றில்லாமல் சூடாக்குவார்கள். 300 டிகிரி அளவில் வெளிவருவது பாறையில் ஏற்கெனவே உருவாகிவிட்ட எண்ணெய். மேலும் சூடாக்கினால் மிச்சமுள்ள கெரோஜன் உடைகிறது. அப்போது வெளிவருவது, இந்தப் பாறை இனிமேல் எவ்வளவு தரமுடியும் என்பதைச் சொல்லும். எந்த வெப்பநிலையில் அது உச்சத்தைத் தொடுகிறது என்று பார்த்தால், பாறை எவ்வளவு வெந்திருக்கிறது என்பதும் தெரிந்துவிடும்.

லி முடிவெடுக்க வேண்டியிருந்த காலத்தில் இந்தச் சோதனையெல்லாம் இல்லை. இருந்தது வரைபடம், சில பாறைத் துண்டுகள், அனுபவம். அவ்வளவுதான்.

புகழும் பிழையும்

1920-கள், 30-களில் லிக்குப் பெயர் வாங்கித் தந்தது எண்ணெய் ஆராய்ச்சி இல்லை. ஃபியூசுலினிட் என்ற, நெல்மணி வடிவக் கடல் நுண்ணுயிர்களின் புதைபடிவங்களை வகைப்படுத்தினார். வட சீனாவின் நிலக்கரி அடுக்குகளின் வயதைக் கணிக்க அது பெரிதும் உதவியது. 1927-ல் வந்த அந்த நூல் இன்றும் மதிக்கப்படுகிறது. 1931-ல் பர்மிங்காம் அவருக்கு அறிவியல் முனைவர் பட்டம் கொடுத்தது.

அதே காலத்தில் லூஷான் மலையில் பனியாற்றின் தடயங்களைக் கண்டதாக அறிவித்தார். வெளிநாட்டு அறிஞர்கள் அப்போதே மறுத்தார்கள். பின்னால் வந்த சீன ஆய்வாளர்களிலும் பலர் அதை ஏற்கவில்லை. தனக்குச் சரி என்று பட்டதை எளிதில் விட்டுக்கொடுக்காத மனிதர். எண்ணெய் விஷயத்தில் அந்தக் குணம் கைகொடுத்தது, லூஷானில் கைவிட்டது.

1948-ல் சர்வதேசப் புவியியல் மாநாட்டுக்காக லண்டன் போனவர், ஊரில் ஆட்சி மாறும்போது அங்கேயே இருந்தார். புதிய அரசில் அவருக்குப் பொறுப்பு என்ற செய்தி வந்ததும், பழைய அரசின் தூதரகம் அவரைத் தடுக்கப் பார்த்தது. நண்பர் ஒருவர் போனில் எச்சரிக்க, சின்னப் பையோடு தனியாகப் பிரிட்டனை விட்டுக் கிளம்பினார். மனைவி பின்னால் வந்து சேர்ந்தார். 1950 மே மாதம் பீஜிங். 1952-ல் புவியியல் அமைச்சகம் உருவானபோது முதல் அமைச்சர் அவர்தான்.

1954-ல் எடுத்த நிலை

புதிய அரசின் முன்னால் ஒரு கடினமான கேள்வி இருந்தது. இயற்கை எண்ணெயைத் தேடுவதா, அல்லது நிலக்கரியிலிருந்தும் எண்ணெய்க் களிப்பாறையிலிருந்தும் செயற்கை எண்ணெய் எடுப்பதில் பணத்தைக் கொட்டுவதா? 1953-ன் இறுதியில் மாவோவும் சௌ என்லாயும் லியைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். இயற்கை எண்ணெய்க்கு நல்ல வாய்ப்பு இருக்கிறது என்பது அவருடைய பதில். தப்பாகிப்போனால் ஓர் ஏழை நாட்டின் பல ஆண்டு முதலீடு வீண்.

1954 மார்ச்சில் ஓர் உரையில் காரணத்தை விளக்கினார். கடல் படிவா, நிலப் படிவா என்ற சண்டையே தப்பான இடத்தில் நடக்கிறது என்பது அதன் சாரம். பார்க்க வேண்டியது இரண்டு: ஒரு படுகையில் எண்ணெய் உருவாகும் சூழல் இருந்ததா? உருவானது தங்கிச் சேரும் அமைப்பு இருந்ததா? கிழக்குச் சீனாவில் வடகிழக்கிலிருந்து தென்மேற்காக நீளும் தாழ்நிலப் பட்டைகள் நீண்ட காலம் கீழே இறங்கிக்கொண்டே இருந்தவை. இறங்கும் பள்ளத்தில் தண்ணீர் நிற்கும், உயிர் பெருகும், சேறு அதை மூடும். அந்தப் பட்டைகளில் சோங்லியாவும் ஒன்று, வட சீனச் சமவெளியும் ஒன்று.

இந்த எண்ணம் லிக்கு மட்டும் சொந்தமானது இல்லை. 1941-லேயே பான் ஜோங்சியாங் என்ற இளம் புவியியலாளர், வட ஷான்சி எண்ணெயும் சிச்சுவான் எண்ணெயும் கடலில் பிறந்தவை அல்ல என்று அமெரிக்கப் பெட்ரோலியப் புவியியலாளர் சங்க இதழில் எழுதியிருந்தார். வடகிழக்கில் எண்ணெய் இருக்கலாம் என்று சியே ஜியாரோங்கும் வெங் வென்போவும் 1949-க்கு முன்பின்னாகவே சொல்லியிருந்தார்கள்.

1955-ல் நாடு தழுவிய எண்ணெய்த் தேடல் தொடங்கியது. குழுத் தலைவர் லி. தொழில்நுட்பப் பொறுப்பு ஹுவாங் ஜிசிங், சியே ஜியாரோங் இருவருக்கும். அந்த ஆண்டே ஒரு சிறு குழு படகில் ஏறி, சோங்குவா ஆற்றின் கரைகளில் தெரிந்த பாறைகளைப் பார்த்துக்கொண்டே போனது. சமவெளி முழுக்க மண் மூடிக் கிடந்தது. ஆறு அரித்த கரைகளில்தான் அடியில் உள்ள பாறை கண்ணில் படும்.

முதல் ஆழ்கிணறு ஏமாற்றியது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது கிணற்றை, சோங்ஜி-3, திட்டமிட்ட ஆழம் வரை போகாமல் 1,460 மீட்டர் அளவில் நிறுத்திச் சோதித்தார்கள். 1959 செப்டம்பர் 26 அன்று எண்ணெய் பீறிட்டது. புதிய சீனாவின் பத்தாம் ஆண்டு விழாவுக்கு ஐந்தே நாள் இருந்ததால், 'பெருவிழா' என்ற பொருளில் டாச்சிங் என்று பெயர் வைத்தார்கள். மறு ஆண்டே சோவியத் யூனியனுடன் உறவு கசந்தது. எண்ணெய் கிடைத்த நேரம் அப்படி.

ஏரி செய்த வேலை

பிறகு நடந்த ஆய்வுகள் மூலப்பாறையின் முழுக் கதையைச் சொல்லின. சோங்லியாவ் படுகையின் பரப்பு சுமார் 2.6 லட்சம் சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டைப் போல இரண்டு மடங்கு. டைனோசர்கள் வாழ்ந்த கிரெட்டேசியஸ் காலத்தில் அங்கே ஒரு மாபெரும் ஏரி இருந்தது. அதன் ஆழத்தில் ஆக்சிஜன் எட்டவில்லை. மேலே பெருகிய பாசி செத்து விழுந்து, அழுகாமல் சேற்றோடு படிந்தது. சிங்ஷான்கௌ என்று பெயரிடப்பட்ட அந்தக் கருங்களிப்பாறையில் கரிமம் பல இடங்களில் 2 சதவீதத்துக்கு மேல். வகை, பாசி தந்த முதல் தரக் கெரோஜன்.

சூடு? அதிலும் அதிர்ஷ்டம். பூமிக்குள் 100 மீட்டர் இறங்கினால் பொதுவாக 3 டிகிரி அளவுக்கு வெப்பம் கூடும். சோங்லியாவில் அது கிட்டத்தட்ட 4 டிகிரி. அதனால் அதிக ஆழம் போகாமலே பாறை வெந்து எண்ணெய் கொடுத்தது. நிலப் படிவில் கரிமம் அழுகிப்போகும் என்று பழைய அறிஞர்கள் நினைத்தது ஆழமில்லாத நீருக்குச் சரி. இவ்வளவு பெரிய, ஆழமான ஏரியை அவர்கள் கணக்கில் எடுக்கவில்லை.

இங்கே ஒன்றை நேர்மையாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். உருவாகும் சூழல், தங்கும் அமைப்பு என்று லி கேட்ட இரண்டு கேள்விகளும் சரியானவை. ஆனால் அவர் எப்போதும் அதிக அழுத்தம் கொடுத்தது இரண்டாவதுக்கு, அதாவது நிலத்தின் மடிப்பும் அமைப்பும் பற்றிய தன்னுடைய 'புவி இயக்கவியல்' கோட்பாட்டுக்கு. சோங்லியாவில் எண்ணெய் வயல்கள் எங்கே அமையும் என்பதை முதன்மையாகத் தீர்மானித்தது நல்ல மூலப்பாறை எங்கே பரவியிருக்கிறது என்பதுதான் என்று அங்கே வேலை செய்த ஹு சாவ்யுவான் 1980-களில் எழுதினார். அந்தக் கருத்து பின்னர் சீன எண்ணெய்த் துறையின் அடிப்படைப் பாடங்களில் ஒன்றானது.

யாருக்குப் பெருமை?

லி 1971 ஏப்ரல் 29 அன்று ரத்தக்குழாய் வீக்கம் வெடித்து பீஜிங்கில் இறந்தார். கடைசி ஆண்டுகளில் அவர் கவனம் நிலநடுக்கங்களை முன்கூட்டிக் கணிக்க முடியுமா என்பதில் இருந்தது. 1966-ல் சிங்தாயை உலுக்கிய நிலநடுக்கத்துக்குப் பிறகு வந்த கவலை அது.

இறந்த பிறகு புகழ் வானத்துக்கு ஏறியது. 1977-ல் அவரைப் போற்றும் நீண்ட இலக்கியக் கட்டுரை, 1979-ல் திரைப்படம். டாச்சிங்கை லியின் கோட்பாடுதான் கண்டுபிடித்தது என்ற கதை பள்ளிப் பாடம் வரை போனது. ஹுவாங் ஜிசிங்குக்கு இது பொறுக்கவில்லை. 1978-ல் உயர் தலைமைக்கே கடிதம் எழுதி, டாச்சிங் கண்டுபிடிப்புக்கும் அந்தக் கோட்பாட்டுக்கும் சம்பந்தமே இல்லை என்றார்.

சியே ஜியாரோங் அப்படிப் பேச உயிரோடு இல்லை. 1957-ல் வலதுசாரி என்று முத்திரை குத்தப்பட்ட அவர், கலாச்சாரப் புரட்சி தொடங்கிய 1966 ஆகஸ்டில் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். எந்தப் பகுதியில் தோண்ட வேண்டும் என்று முதலில் சொன்னவர்களில் ஒருவருக்கு நேர்ந்த கதி அது. லி அமைச்சராக இருந்த ஆண்டுகளில்தான் இதெல்லாம் நடந்தது.

1982-ல் டாச்சிங் கண்டுபிடிப்புக்காக நாட்டின் முதல் நிலை இயற்கை அறிவியல் விருது அறிவிக்கப்பட்டபோது, பட்டியலில் 23 பெயர்கள் இருந்தன. முதலில் லி, அடுத்து ஹுவாங், மூன்றாவதாக சியே. வெங் வென்போவும், படகில் போன குழுவின் தலைவர் ஹான் ஜிங்சிங்கும், ஹு சாவ்யுவானும் கூட அதில் உண்டு. திரைப்படத்தைவிட அந்தப் பட்டியல் உண்மைக்கு ரொம்பவே பக்கத்தில் இருக்கிறது. லியின் பங்கு, தேட வேண்டும் என்று முடிவெடுக்கப்பட வேண்டிய நேரத்தில், முடிவெடுக்கும் இடத்தில் இருந்துகொண்டு, ஆம் என்று சொன்னது. எங்கே, எப்படி என்பதை மற்றவர்கள் சேர்ந்து கண்டார்கள்.

டாச்சிங்கின் பழைய மணற்கல் அடுக்குகளில் இப்போது எண்ணெயைவிடத் தண்ணீர்தான் அதிகம் வருகிறது. அதனால் துரப்பணக் கருவிகள் நேராக மூலப்பாறைக்கே இறங்கிவிட்டன. டாச்சிங்கின் குலோங் பகுதியில், சிங்ஷான்கௌ களிப்பாறைக்குள்ளேயே 126.8 கோடி டன் எண்ணெய் இருப்பதாக 2021 ஆகஸ்டில் அறிவித்தார்கள். அது பாறைக்குள் இருப்பதாகக் கணித்த அளவு. வெளியே எடுக்க முடிவது அதில் சிறு பங்காகவே இருக்கும். எவ்வளவு சிறியது என்பதைக் கணக்கிட, அதே கருங்களிப்பாறையின் பொடி இன்றும் சோதனைக்கூட அடுப்பில் சூடேறிக்கொண்டிருக்கிறது.